பத்து லித்தாஸுக்கு எத்தனை குரூன்?

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய டைரி கிடக்கிறது. அதற்குள் இரண்டு நோட்டுகள். ஒன்று எஸ்தோனியாவின் 5 குரூன். அதில் இருப்பவர் பால் கெரஸ், சதுரங்க வீரர். உலகச் சாம்பியன் பட்டத்தின் வாசல்வரை பலமுறை போய், ஒருமுறைகூட உள்ளே நுழையாதவர். இன்னொன்று லிதுவேனியாவின் 10 லித்தாஸ். அதில் தாரியுஸ், கிரேனாஸ் என்று இரண்டு விமானிகள். 1933 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கையே தாண்டிவிட்டார்கள். சொந்த நாட்டுக்கு இன்னும் சில நூறு கிலோமீட்டர்தான் பாக்கி. அன்றைய ஜெர்மனியின் ஒரு காட்டுக்குள் விமானம் விழுந்து இருவரும் இறந்துபோனார்கள்.

இரண்டு பணமும் இன்று புழக்கத்தில் இல்லை. டைரியும் நோட்டுகளும் என்னுடையவையும் அல்ல. முன்பு ஒரே அலுவலகத்தில் இருந்த ஒருவர் கொடுத்தது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கப்பல் உதிரிபாக வேலையாக இரண்டு தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறார். இரண்டு தடவையும் லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் வேலையை முடித்துக்கொண்டு, ரீகா வழியாகப் பேருந்தில் எஸ்தோனியத் தலைநகர் தாலின் போனாராம். கையில் மிஞ்சிய லித்தாஸை அங்கே குரூனாக மாற்றியிருக்கிறார். மாற்றியதை எழுதியும் வைத்திருக்கிறார், அவர் வழக்கம் அப்படி. 1995 ஏப்ரல் பக்கத்தில், பத்து லித்தாஸுக்கு 26.80 குரூன். 2000 அக்டோபர் கடைசி வாரத்தில், பத்து லித்தாஸுக்கு 45.50 குரூன்.

"அஞ்சே வருஷத்துல எஸ்தோனியா படுத்துடுச்சு தம்பி. லிதுவேனியாக்காரன் எழுந்து நின்னுட்டான்" என்றார்.

கணக்குப்படி பார்த்தால் வேறென்ன சொல்ல முடியும்? ஒரு லித்தாஸுக்கு முன்பு இரண்டே முக்கால் குரூனுக்கும் குறைவு, பிறகு நாலரை. குரூன் சரிந்திருக்கிறது, அல்லது லித்தாஸ் ஏறியிருக்கிறது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இரவு சும்மா இருக்காமல் பழைய மாற்று விகித அட்டவணைகளைத் தேட ஆரம்பித்தேன். அந்த ஒரு இரவு ஒரு வாரமாக நீண்டது.

முதலில் தட்டுப்பட்ட விஷயமே ஆளைக் குழப்பியது. எஸ்தோனியா 1992 ஜூன் 20 அன்று குரூனைக் கொண்டுவந்தது. 8 குரூனுக்கு 1 ஜெர்மன் மார்க் என்று அன்றே முடிச்சுப் போட்டாயிற்று. 1995-லும் எட்டுதான், 2000-லும் எட்டுதான். லிதுவேனியாவோ 1994 ஏப்ரல் 1 முதல் 4 லித்தாஸுக்கு 1 அமெரிக்க டாலர் என்று கட்டிவைத்தது. அண்ணன் போன இரண்டு தடவையும் அது நாலேதான். இரண்டு நாடும் கொடுத்த வாக்கை ஒரு காசு பிசகாமல் காப்பாற்றியிருக்கின்றன. அப்படியிருக்க, நடுவில் உள்ள விகிதம் மட்டும் எப்படி எழுபது சதவீதம் ஏறும்?

ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன். ஒரு லித்தாஸ் என்பது கால் டாலர். ஒரு மார்க் என்பது எட்டு குரூன். ஒரு டாலருக்கு எத்தனை மார்க்கோ, அதை எட்டால் பெருக்கினால் ஒரு டாலருக்கான குரூன். அதை நாலால் வகுத்தால் ஒரு லித்தாஸுக்கான குரூன். எட்டை நாலால் வகுத்தால் இரண்டு. அவ்வளவுதான்: ஒரு லித்தாஸின் குரூன் விலை என்பது டாலரின் மார்க் விலையைப் போல இரண்டு மடங்கு. எஸ்தோனியாவும் இல்லை, லிதுவேனியாவும் இல்லை. அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியும் டாலரும் மார்க்கும் போட்ட மல்லுக்கட்டு. ஆட்டம் வேறு ஊரில் நடக்கிறது, மதிப்பெண் பலகை மட்டும் இங்கே தொங்குகிறது.

1995 வசந்தத்தில் டாலர் மார்க்குக்கு எதிராக விழுந்து கிடந்தது, 1.38 வாக்கில். அதை இரண்டால் பெருக்கினால் 2.76, பத்து லித்தாஸுக்கு 27.60. மாற்றுக் கடைக்காரன் தன் பங்கை எடுத்துக்கொண்டு 26.80 கொடுத்திருக்கிறான், சரி. 2000 அக்டோபரில் கதை தலைகீழ். யூரோ பிறந்து இரண்டு வயதுகூட ஆகவில்லை, விழுந்துகொண்டே இருந்தது. அக்டோபர் 26 அன்று ஐரோப்பிய மத்திய வங்கி அறிவித்த விகிதம் ஒரு யூரோவுக்கு 0.8252 டாலர். ஒரு யூரோ என்பது 1.95583 மார்க் என்று அதற்கு முன்பே நிரந்தரமாக நிர்ணயித்தாகிவிட்டது. அப்படியானால் ஒரு டாலருக்கு 2.37 மார்க், ஒரு லித்தாஸுக்கு 4.74 குரூன், பத்துக்கு 47.40. அண்ணன் டைரியில் 45.50. இங்கேயும் கடைக்காரன் பங்கு போக மீதி.

அண்ணன் எழுதிவைத்தது இரண்டுமே சரியான எண்கள். அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தப்பு. 2000-ல் எஸ்தோனியா படுக்கவெல்லாம் இல்லை, நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. ரஷ்யாவின் 1998 நெருக்கடியில் வாங்கிய அடியோடு, ஏறிக்கொண்டே போன டாலரையும் கழுத்தில் கட்டிக்கொண்டு திணறியது லிதுவேனியாதான். ஐரோப்பாவுக்கு விற்கும் சரக்கெல்லாம் வாங்குபவர் கண்ணுக்கு வருஷாவருஷம் விலை கூடியபடி தெரிந்தது. அண்ணன் பார்த்த "எழுந்து நின்ற" லித்தாஸ் அந்த ஊர் ஏற்றுமதியாளருக்கு நிச்சயம் பிடித்திருக்காது.

இந்த இரண்டு முடிச்சுகளும் எப்படி விழுந்தன என்பது தனிக் கதை. எனக்கு எஸ்தோனியாவின் கதை ரொம்பப் பிடிக்கும். 1992 ஜூனில் அங்கே வாழ்ந்த ஒவ்வொருவரும் 1500 ரூபிள் வரை கொண்டுவந்து கொடுக்கலாம். பத்து ரூபிளுக்கு ஒரு குரூன். ஆக ஆளுக்கு 150 குரூன். மார்க்கில் சொன்னால் 18.75. ஒரு நாட்டின் மக்கள் எல்லோரும் கையில் பதினெட்டே முக்கால் மார்க்கோடு புதிய பணத்துக்குள் நுழைந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பின்னால் இருந்த முதலீடு என்ன தெரியுமா? போருக்கு முன் எஸ்தோனியா வெளிநாடுகளில் வைத்திருந்த தங்கம். சோவியத் ஆட்சி வந்தபோது அது பிரிட்டன், ஸ்வீடன் போன்ற இடங்களில் இருந்தது. அரை நூற்றாண்டு கழித்துத் தங்கமாகவோ அதற்கு ஈடாகவோ திரும்பி வந்தது. அதை வைத்துத்தான் கரன்சி போர்டு என்கிற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். வெளியே விடும் ஒவ்வொரு குரூனுக்கும் ஈடாகத் தங்கமோ வெளிநாட்டுப் பணமோ கையிருப்பில் இருக்க வேண்டும். மத்திய வங்கி நினைத்தாலும் குரூனின் மதிப்பைக் குறைக்க முடியாது, நாடாளுமன்றம்தான் சட்டத்தை மாற்ற வேண்டும். அப்போது மத்திய வங்கித் தலைவராக இருந்த சீம் கல்லாஸ் பிற்பாடு நாட்டின் பிரதமரும் ஆனார்.

லிதுவேனியா சுற்றுவழியில் வந்தது. 1992-ல் ரூபிளுக்குப் பதிலாகத் தலோனாஸ் என்று ஒரு தற்காலிகக் காகிதம். அதில் காட்டு விலங்குகளின் படங்கள் இருந்ததால் மிருகக்காட்சிசாலை டிக்கெட் என்று கேலி செய்தார்கள். 1993 ஜூன் 25-ல் லித்தாஸ் வந்தது, நூறு தலோனாஸுக்கு ஒரு லித்தாஸ். மறுவருஷம் லித்தாஸ் நம்பகத்தன்மைச் சட்டம் என்றே பெயர் வைத்து ஒரு சட்டம் போட்டு டாலரோடு கட்டினார்கள். பணத்தை நம்புங்கள் என்று சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்த காலம். மக்கள் தலையணைக்கு அடியில் வைத்திருந்ததும் டாலர், வாங்குகிற எரிபொருளுக்கு விலை சொன்னதும் டாலர். அப்போது அந்த முடிவில் தப்பு சொல்ல முடியாது.

வரைபடத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் லாட்வியா. பணத்திலும் நடுவிலேயே நின்றது. 1994 பிப்ரவரியிலிருந்து அதன் லாட்ஸை எஸ்.டி.ஆரோடு கட்டிவைத்தார்கள். பல நாட்டுப் பணங்களை ஒரு கூடையாகச் சேர்த்து சர்வதேச நிதியம் வைத்திருக்கும் கணக்கு அலகு அது, ஒரு எஸ்.டி.ஆருக்கு 0.7997 லாட்ஸ். 1996-ல் அந்தக் கூடையில் டாலர் 39 சதவீதம், மார்க் 21, யென் 18, பிரெஞ்சு பிராங்கும் பிரிட்டிஷ் பவுண்டும் தலா 11. அதனால் லாட்ஸ் டாலரோடும் முழுதாக ஏறாது, மார்க்கோடும் முழுதாக இறங்காது. அண்ணன் ரீகாவில் பேருந்து மாறுகிற நேரத்தில் தேநீருக்கு மட்டும் கொஞ்சம் மாற்றினாராம். எத்தனைக்கு என்று எழுதிவைக்கவில்லை.

மூன்றுமே அடுத்தடுத்த நாடுகள், மூன்றும் ஒரே ரூபிளிலிருந்து கழன்று வந்தவை. ஆனால் ஒன்று மார்க்கைப் பிடித்தது, ஒன்று டாலரை, ஒன்று கூடையை. இதில் வேடிக்கை, இதே காட்சி முதல் உலகப் போருக்குப் பிறகும் ஓடியிருக்கிறது. 1922-ல் வந்த பழைய லித்தாஸ் பத்துக்கு ஒரு டாலர். அதே வருஷம் வந்த லாட்ஸ் தங்க பிராங்குக்குச் சமம். 1928-ல் வந்த குரூன் ஸ்வீடன் குரோனாவுக்குச் சமம். குரூனில் 0.403226 கிராம் தங்கம், லித்தாஸில் 0.150462 கிராம். வகுத்தால் ஒரு குரூனுக்கு 2.68 லித்தாஸ். தங்கத்தைப் பிடித்துத் தொங்கியவரை இந்த விகிதம் அசையவில்லை. 1933 ஜூனில் எஸ்தோனியா கையை விட்டது, குரூனின் மதிப்பை 35 சதவீதம் குறைத்தது. அடுத்த மாதம்தான் அந்த இரண்டு விமானிகளும் கிளம்பினார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, நோட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எனக்குத் தோன்றுவது.

சரி, அட்டவணைக்கு வருகிறேன். இப்படிப்பட்ட பழைய விகிதங்களை நோண்டுகிறவர்களுக்கு நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். அண்ணனுக்குக் காட்டுவதற்காக ஒரு விரிதாளில் வருஷவாரியாகச் சராசரி போட்டேன். ஒரு பத்தியில் ஒரு லித்தாஸுக்கு எத்தனை குரூன், அடுத்த பத்தியில் ஒரு குரூனுக்கு எத்தனை லித்தாஸ். ஒன்றைத் தலைகீழாக்கினால் மற்றது வர வேண்டும் அல்லவா? வரவில்லை. பாதி இரவு என் சூத்திரத்தில் பிழை தேடினேன். சூத்திரத்தில் பிழையில்லை. சராசரியின் குணமே அது. இரண்டு நாள் விகிதங்கள் 2.80, 4.70 என்று வையுங்கள். சராசரி 3.75, அதைத் தலைகீழாக்கினால் 0.267. தனித்தனியாகத் தலைகீழாக்கினால் 0.357, 0.213. அவற்றின் சராசரி 0.285. இரண்டும் உண்மை, இரண்டும் வேறு. விகிதம் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு இடைவெளி. அதனால் ஆண்டுச் சராசரி என்று யாராவது ஒரு எண்ணைக் கொடுத்தால், எதற்கு எது என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சிறிய நாணயங்கள் இரண்டு நேருக்கு நேர் சந்திப்பது அபூர்வம். அட்டவணையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் குறுக்கு விகிதம். இங்கிருந்து டாலருக்கு ஒரு விலை, அங்கிருந்து டாலருக்கு ஒரு விலை, இரண்டையும் வகுத்துப் போட்ட எண். அந்த எண்ணுக்கு யாரும் எதையும் வாங்கியிருக்கவே மாட்டார்கள். அது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கிற கற்பனைக் கோடு. அண்ணனின் 26.80-தான் உண்மையில் ஒரு மனிதர் கையில் வாங்கிய தொகை. என் விரிதாளின் 27.60 யார் கைக்கும் போகவில்லை. தலோனாஸ் லித்தாஸாக மாறியதைக் கவனிக்காமல் கோர்த்த அட்டவணைகளும் இருக்கும், 1993 நடுவில் நூறு மடங்கு எகிறும். அங்கே ஏதோ பிரளயம் நடந்ததாக நினைத்துவிடக் கூடாது.

மல்லுக்கட்டு முடிந்தது 2002 பிப்ரவரி 2 அன்று. லிதுவேனியா டாலரை விட்டுவிட்டு யூரோவைப் பிடித்தது, ஒரு யூரோவுக்கு 3.4528 லித்தாஸ். இந்த விநோத எண் எங்கிருந்து வந்தது? நாலால் வகுத்துப் பாருங்கள், 0.8632. அப்போது ஒரு யூரோவின் டாலர் விலை அது. ஒரே ராத்திரியில் கழுத்துக் கயிறு மாறியது, கழுத்து அசையவில்லை. எஸ்தோனியாவின் 15.6466-உம் இதே மாதிரிதான்: 1.95583 மார்க்கை எட்டால் பெருக்கினால் வருவது. யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்த எண்கள் இல்லை இவை, பழைய முடிச்சின் தழும்புகள்.

இதற்குப் பிறகு டாலர் இறங்கத் தொடங்கியது. லிதுவேனியா பழைய முடிச்சிலேயே இருந்திருந்தால் 2004 டிசம்பர் கடைசியில், யூரோ 1.36 டாலரைத் தொட்டபோது, பத்து லித்தாஸுக்கு 28.76 குரூன்தான் கிடைத்திருக்கும். 2008 ஜூலையில் 24.50-க்கும் கீழே போயிருக்கும். அண்ணன் மூன்றாவது தடவை போயிருந்தால், லிதுவேனியா படுத்துடுச்சு என்று எழுதியிருப்பார்.

இனி வருவதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்த பகுதி. 2002 பிப்ரவரியிலிருந்து 2010 கடைசி வரை அட்டவணையில் ஒரே எண். ஒரு லித்தாஸுக்கு 4.5316 குரூன். மாதாமாதம், வரிக்கு வரி, 4.5316. விரிதாளில் கோடு போட்டால் மேசை விளிம்பு மாதிரி நேர்க்கோடு. தூக்கம் வரும்.

அந்தத் தூங்குகிற கோட்டுக்கு அடியில் இருக்கிறது 2009. வீட்டுக்கடன் குமிழி வெடித்து, எஸ்தோனியாவிலும் லிதுவேனியாவிலும் ஒரே வருஷத்தில் பொருளாதாரத்தின் ஏழில் ஒரு பங்கு காணாமல் போனது. பக்கத்தில் லாட்வியாவில் 2008 நவம்பரில் பாரெக்ஸ் என்கிற பெரிய வங்கியை அரசே எடுத்துக்கொண்டது, டிசம்பரில் சர்வதேச நிதியமும் ஐரோப்பிய ஒன்றியமும் வேறு சில நாடுகளும் சேர்ந்து 750 கோடி யூரோ கடனுதவிக்கு ஒப்புக்கொண்டன. 2009 ஜூனில் அந்த அரசு ஏலத்துக்கு வைத்த கடன் பத்திரங்களைக் கேட்க ஒரு ஆள் வரவில்லை. லாட்ஸ் போனால் குரூனும் லித்தாஸும் கூடவே போகும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

போகவில்லை. பணத்தின் மதிப்பைக் குறைப்பதற்குப் பதிலாகச் சம்பளத்தைக் குறைத்தார்கள். அரசு ஊழியர் ஊதியம், செலவு, எல்லாவற்றிலும் வெட்டு. வேலை போனவர்கள் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் கிளம்பினார்கள். பொருளாதாரப் பாடங்களில் இதற்கு உள்மதிப்பிறக்கம் என்று பெயர். என் விரிதாளில் இதற்குப் பெயரும் இல்லை, ஒரு புள்ளி அசைவும் இல்லை. 1995-க்கும் 2000-க்கும் நடுவில் இரண்டு அரசுகளும் விரலைக்கூட அசைக்காத வருஷங்களில் கோடு எழுபது சதவீதம் ஆடியது. மனிதர்கள் சம்பளம் இழந்து நாட்டை விட்டுப் போன வருஷத்தில் தசமப் புள்ளிக்குப் பிறகு நாலாவது இடம்கூட மாறவில்லை.

பழைய மாற்று விகிதங்களை வைத்து ஒரு நாட்டின் நாடி பார்க்கிறேன் என்று சொல்பவர்களை அதற்கப்புறம் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன், என்னையும் சேர்த்து. நகராத கோட்டின் அடியில் என்ன கிடக்கிறது என்று தேடும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

குரூன் 2011 ஜனவரி 1 அன்று போனது, அதன் இடத்தில் யூரோ வந்தது. லாட்ஸ் 2014-ல், ஒரு யூரோவுக்கு 0.702804 என்ற கணக்கில். லித்தாஸ் 2015-ல். லித்தாஸ் 2007-லேயே போயிருக்க வேண்டியது. யூரோவில் சேரப் பணவீக்கம் 2.6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 2.7 இருந்தது என்று 2006-ல் திருப்பி அனுப்பினார்கள். பத்தில் ஒரு புள்ளிக்காக எட்டு வருஷம். அதைப் பற்றித் தனியாக எழுதினால்தான் ஆத்திரம் தீரும்.

போனது புழக்கம் மட்டும். தாலினில் மத்திய வங்கி இன்றும் குரூன் நோட்டை வாங்கிக்கொண்டு யூரோ தருகிறது, கெடு எதுவும் இல்லை, கட்டணமும் இல்லை. வில்னியஸில் லித்தாஸுக்கும் அப்படியே. அண்ணன் கொடுத்த 5 குரூனுக்கு 32 யூரோ சென்ட் வரும், 10 லித்தாஸுக்கு 2.90 யூரோ. செத்துப்போன இரண்டு பணத்துக்கு நடுவில் இன்றைக்கும் ஒரு விகிதம் உயிரோடு இருக்கிறது: பத்து லித்தாஸுக்கு 45.32 குரூன்.

போன வாரம் இதையெல்லாம் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். டாலர், மார்க், இரண்டு மடங்கு, 2009, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். நடுவில் ம், ம் என்றார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"இப்ப எவ்வளவுன்னு சொன்னே?"

"45.32 அண்ணே."

"நான் மாத்தினப்போ 45.50. பதினெட்டு சென்ட் லாபம் பார்த்திருக்கேன்டா தம்பி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.